படிக்குக் கீழே இரும்பு அலுமாரி

"அந்த இரும்பு அலுமாரிக்குள் என்ன இருக்கிறது?" என்று இன்சூரன்ஸ் கம்பனிப் பெண் தொலைபேசியில் மறுபடியும் கேட்டபோது, கனகலிங்கம் "சப்பாத்து, செருப்பு" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

லண்டன் லூயிஷாமில் அவரும் மனைவி பாலாம்பிகையும் அப்போதுதான் வாங்கிக் குடிவந்த வீடு அது. பிள்ளைகள் இல்லை, வாடகைக்கு வைத்த ஆட்களும் இல்லை. இரண்டே பேருக்கு அது பெரிய வீடுதான். மாடிப்படிக்குக் கீழே கதவு வைத்த ஒரு சிறிய இடம் இருந்தது. அதன் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை இரும்பு அலுமாரி பதித்திருந்தார்கள். அதற்குச் சாவி இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டை விற்றுக் கொடுத்த கம்பனிக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் வீட்டைப் பார்வையிட வந்த இன்சூரன்ஸ்காரருக்குத் தெரிந்திருந்தது. அது துப்பாக்கி வைக்கிற அலுமாரி. துப்பாக்கி இருந்தால் பொலிஸ் கொடுத்த சேட்டிபிக்கட் வேண்டும், பூட்டு சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை இன்சூரன்ஸ் கிடையாது என்று அந்தப் பெண் இனிமையாகச் சொன்னாள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் வங்கி வீட்டுக் கடனை நிறுத்திவிடும்.

வெடிச்சத்தம் கேட்காத இடத்தில் படுத்தெழும்ப வேண்டும் என்றே யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர் கனகலிங்கம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, தபால்காரரின் காலடிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பவர்.

அன்று பின்னேரமே செபமாலைமுத்துவைக் கூப்பிட்டார். கார் திருத்துகிறவன், எந்தப் பூட்டும் அவனுக்கு வழிவிடும். பூட்டைத் துளையிட்டுக் கதவை இழுத்தான். உள்ளே இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

"அண்ணை, இது என்ன?"

"துவக்கு."

"அது எனக்கும் தெரியுது. ஆற்றை?"

யாருடையது என்று கனகலிங்கத்துக்கே தெரியாது. செபமாலைமுத்து கிட்டப் போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தான். தூசி ஒரு துளியும் இல்லை. குழாயில் எண்ணெய் மினுங்கியது.

"இப்பதான் ஆரோ துடைச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு, அண்ணை" என்றான் மெல்ல.

பிறகு சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டான். தேத்தண்ணீர் குடிக்காமல் அவன் போனதை யாரும் கண்டதில்லை.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நேர்மையாகப் போய்ச் சொல்வதுதான் புத்தி என்று அவர் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார். தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த நெட்டைச் சார்ஜன்ட் ஒருவரைக் கையோடு அழைத்துவந்து, அலுமாரியைத் திறந்து காட்டினார்.

அலுமாரி வெறுமையாக இருந்தது. எண்ணெய் மணம் மட்டும் நின்றது.

பூட்டை உடைத்தது யார் என்று சார்ஜன்ட் கேட்டார். நண்பர் என்றார் கனகலிங்கம். உடைத்த பிறகு துப்பாக்கியைக் காணவில்லை, அப்படித்தானே என்றார் சார்ஜன்ட். அப்படிக் கேட்டபோது விஷயம் வேறு மாதிரித்தான் தெரிந்தது.

நடந்ததை இன்சூரன்ஸ் பெண்ணுக்கும் ஒளிக்காமல் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துப்பாக்கி இருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. இருந்து காணாமல் போனதற்கு எங்களிடம் வழி இல்லை" என்றாள்.

கனகலிங்கம் கடைக்குப் போய் மிகப்பெரிய ஆமைப்பூட்டு ஒன்றை வாங்கிவந்து தானே பொருத்தினார். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படியொரு சனிக்கிழமை பின்னேரம், எதற்கும் பார்ப்போம் என்று திறந்தார். துப்பாக்கி நின்றது. யாரோ அவசரத்தில் வைத்துவிட்டுப் போனது போலக் கொஞ்சம் சரிந்து நின்றது.

அதைத் தொட அவர் துணியவில்லை. கை அடையாளம் பதிந்தால் பிரஜாவுரிமை அவ்வளவுதான். பூட்டைப் போட்டுவிட்டு, முன்னால் கதிரை வைத்துப் பாலாம்பிகையை இருத்தினார்.

"கண் வெட்டாமப் பாத்துக்கொண்டிரும். நான் பொலிசுக்குப் போன் அடிக்கிறன்."

பாலாம்பிகை அகப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தாள். சார்ஜன்ட் வந்தபோது பூட்டு போட்டது போட்டபடியே இருந்தது. திறந்தார்கள். ஒன்றுமில்லை.

"நான் அசையேல்லை. உள்ளுக்கை ஆரோ செருமினது மட்டும் கேட்டது. சபையிலை பேச எழும்புற ஆள் மாதிரி, மரியாதையாச் செருமினது" என்றாள் பாலாம்பிகை.

கனகலிங்கம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். செருமியது தானாக இருக்கும், தனக்குத் தடிமன் என்றார் சார்ஜன்ட். அப்போது நீங்கள் வந்திருக்கவில்லையே என்று பாலாம்பிகை கேட்டதைக் கனகலிங்கம் மொழிபெயர்க்கவில்லை.

அதன் பிறகு அவள் இன்சூரன்ஸை நம்பவில்லை. சிவன் கோவிலுக்குப் போய் ஒரு வைரவர் படம் வாங்கிவந்து, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி, கற்பூரம் காட்டிப் பூட்டினாள். அடுத்த நாள் திறந்தபோது வைரவரைக் காணவில்லை. துப்பாக்கி நின்றது.

"துவக்கு வாறதும் போறதும் வேறை கதை. காவலுக்கு வைச்ச வைரவரே போனால் என்ன செய்யிறது?" என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் படியேறும்போது சுவர்ப்பக்கமாக ஒட்டி நடந்தார்கள்.

படம் எடுத்துவைப்பது என்ற யோசனை கனகலிங்கத்துக்குத்தான் வந்தது. துப்பாக்கி மறைந்தாலும் படம் மறையாது. கமராவில் மிச்சமிருந்த பிலிமில் அதைப் பல கோணங்களில் எடுத்துவிட்டு, அலுமாரியைப் பூட்டி, பிலிமைக் கழுவக் கொடுத்தார். அதே பிலிமில் பாலாம்பிகை மகாராணியின் அரண்மனை பார்க்கப் போனபோது எடுத்த படங்களும் இருந்ததை அவர் நினைக்கவில்லை. கழுவிய கடைக்காரர் படங்களை வரிசையாகப் பார்த்தார்: அரண்மனை வாசல், அரண்மனைக் காவலர்கள், அரண்மனை யன்னல். அடுத்தது துப்பாக்கி.

இந்த முறை சார்ஜன்ட் ஒரு வான் நிறைய ஆட்களோடு வந்து கதவைத் தட்டினார்.

கனகலிங்கம் பூட்டைத் திறந்தார். வழக்கம்போல அலுமாரி வெறுமை. பொலிஸ்காரர்கள் மெத்தையைப் புரட்டினார்கள், அரிசி மூட்டைக்குள் கை விட்டார்கள். பாலாம்பிகை அகப்பையும் கையுமாகச் சாமித்தட்டின் முன் கண்ணை மூடி நின்றாள். சிறைக்குப் போக உடுப்பு எடுத்துவைக்கவா என்று கேட்கிற நிலைக்குக் கனகலிங்கம் வந்துவிட்டார்.

அப்போது சார்ஜன்ட் அலுமாரிக்குள் தலையை விட்டு, பின்தகட்டைத் தட்டினார். அது வேறு மாதிரிச் சத்தம் போட்டது. தோளால் தள்ளினார். பின்தகடு கதவாகத் திறந்தது.

மறுபக்கத்தில் இன்னொரு படிக்குக் கீழே இன்னொரு சிறிய இடம். வீடு கூட்டுகிற தும்புத்தடியும் வாளியும் இருந்தன; அவற்றுக்குப் பக்கத்தில் வைரவர் இருந்தார். சத்தம் கேட்டுக் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார் பக்கத்து வீட்டு பெம்பர்ட்டன். தனியாக வசிக்கும் கிழவர். வேலிக்கு மேலால் தலையசைப்பதோடு சரி. கனகலிங்கம் அவரோடு ஒருநாளும் பேசியதில்லை.

"நல்ல படம். தந்ததற்கு நன்றி" என்றார் அவர்.

சார்ஜன்ட் நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, விஷயத்தை விளக்கினார். ஒரு காலத்தில் இது ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியபோது அலுமாரி சுவருக்குள் அகப்பட்டு, இரண்டு பக்கமும் கதவோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் எத்தனை ஆமைப்பூட்டு போட்டும் என்ன, அந்தப் பக்கக் கதவுக்குப் பூட்டே இல்லை.

கனகலிங்கம் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. பாலாம்பிகை அகப்பையை வைத்துவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டாள். இன்சூரன்ஸ் கம்பனியோடு தானே பேசுவதாகச் சார்ஜன்ட் சொன்னார். இந்த இரும்புக்குப் பயந்தா இவ்வளவு நாள் சுவரோடு ஒட்டி நடந்தோம் என்று கனகலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவளும் சிரித்தாள்.

கோப்பையை வைத்துவிட்டுச் சார்ஜன்ட் கிழவரின் பக்கம் திரும்பினார். இப்படி இரண்டு வாசல் உள்ள அலுமாரியில் துப்பாக்கி வைப்பது பெரிய தவறு என்று கண்டிப்பாகச் சொன்னார். சேட்டிபிக்கட்டைக் காட்டும்படியும், துப்பாக்கியை இப்போது எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லும்படியும் கேட்டார்.

கிழவர் விளங்காமல் சார்ஜன்டைப் பார்த்தார். பிறகு கனகலிங்கத்தைப் பார்த்தார்.

"எனக்கேது துப்பாக்கி? இவர்களோடு இருக்கிற அந்த வயதான பெரியவர்தானே செருமிக்கொண்டே அதை ஒவ்வொரு நாளும் துடைத்துவைக்கிறார். நீங்கள் கதவைத் தட்டியதும் அதை எடுத்துக்கொண்டு இவர்களுடைய மாடிக்குப் போனாரே."