புகை: மிகக் குறைவு

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் வேலையைத் தவிர எல்லோரும் நலம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நிலக்கரிக் கொதிகலன் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவனைத் தூக்கி, நம் கம்பெனி புதிதாகக் கட்டிய பேட்டரிக் கூடத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டது உங்களுக்குத் தெரியும். பகலில் வெயில் தரும் மின்சாரத்தை வாங்கி வைத்து, மாலையில் ஊருக்குக் கொடுக்கும் கூடம். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, சத்தமில்லை, சூடில்லை, ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டே மாதத்தில் என் இருமல் நின்றுவிட்டது மச்சான். "சத்தமே காணோம், மூச்சு விடுறீங்களான்னு எழுந்து எழுந்து பாக்கறேன்" என்கிறாள் உங்கள் தங்கை. அதனால்தான் இங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கம்பெனி எல்லாவற்றையும் மாற்றியது, தினசரிப் படிவத்தை மட்டும் மாற்றவில்லை. நிலக்கரி இருப்பு, சாம்பல் எடை, புகை எல்லாவற்றுக்கும் எதிரே நேர்மையாக "இல்லை" என்று எழுதினேன். மறுநாளே உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தர் போன் செய்து, "புகை இல்லன்னா நிலையம் ஓடலன்னு அர்த்தம் சார், நின்னுபோன லிஸ்ட்ல போட்டுட்டேன்" என்றார். "ஓடுது தம்பி, நேத்து சாயங்காலம் உங்க ஆபீஸ்ல லைட் எரிஞ்சதே இதுலதான்" என்றேன். "அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே சார்" என்றார். மூன்று நாள் அந்தப் பட்டியலில் இருந்தால் கூடத்தைப் பூட்டிவிட்டு, ஆட்களைக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அன்றைக்கே "புகை: மிகக் குறைவு" என்று எழுதிவிட்டேன். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் புகை இருந்தால் சாம்பல் இருக்க வேண்டுமே, மாதிரி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய கொதிகலனில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இரவல் வாங்கி அனுப்பினேன். தரம் மிக நன்று என்று பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்து யாராவது நேரில் வந்து புகையைக் காட்டு என்றால் எதைக் காட்டுவேன்?

நீங்கள் அந்த அலுவலகத்தில்தானே இருக்கிறீர்கள். யார் காலையாவது பிடித்து, படிவத்தில் பேட்டரிக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். நான் எழுதிய பொய்யையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை. என்னை இங்கேயே விட்டுவைத்தால் போதும்.

நீங்கள் எல்லோரும் நோய் நொடியின்றி நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருமாமல் எழுதும் உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: யாரிடமும் பேச வேண்டாம் மச்சான். கடிதத்தை ஒட்டப்போகும்போது ஆணை வந்துவிட்டது. கம்பெனி வரலாற்றில் புகையை இவ்வளவு குறைத்தவர் வேறு யாருமில்லை என்பதால் எனக்குப் பதவி உயர்வாம். திங்கட்கிழமை முதல் பழைய கொதிகலனுக்கு நான்தான் தலைமை. உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. இருமினால் அவளே தெரிந்துகொள்வாள்.