அபிஷேகம் ஆன ரிமோட்

அன்று அந்த அம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: நான். என் கார். புது மாப்பிள்ளை, பட்டாளத்துக்காரர். புதுப்பெண். மாப்பிள்ளையின் அத்தை. அத்தை மடியில் ஒரு பை வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான். பூசாரி. பூ விற்கிற அம்மா.

இல்லாதவர் ஒருவர். அவருக்காகத்தான் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பெயர் ஸ்பேர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. விழுப்புரம் மாவட்டத்தில் அவர் மாதிரி இன்னொரு ஆள் கிடையாது. இருந்திருந்தால் அந்த ஆளையும் கூடவே வைத்துக்கொண்டு சுற்றியிருப்பார்.

திண்டிவனத்தில் கடை. காருக்கு ஹாரன், டேப், சென்டர் லாக், ரிமோட் மாட்டுவார். எந்தப் பொருளும் அவரிடம் ஒன்றாக இருக்காது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. சட்டைப் பையில் இரண்டு பேனா. காலில் ஒரு ஜோடி செருப்பு, வண்டிக் கொக்கியில் ஒரு ஜோடி. போன் இரண்டு. டீக்கடையில் இரண்டு டீ சொல்வார்.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"ஒண்ணுல ஈ வுழுந்துட்டா?"

ஈ விழாவிட்டால் இரண்டையும் குடிப்பார்.

கடையில் மாதா படம் இருக்கும். பக்கத்தில் மயிலம் முருகன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரர். முருகன் எதற்கு என்று கேட்டேன். "மாதாவுக்கு ஆயிரம் பேரு மனு குடுக்கிறான். அவங்க பிசியா இருந்தா?" என்றார்.

ஒலக்கூர் பக்கம் மண்டபம் பிடித்து மகளுக்குக் கல்யாணம் செய்தார். சமையல்காரர் இரண்டு பேர். போட்டோகிராபர் இரண்டு பேர். தாலியும் இரண்டு செய்து வைத்திருந்தார். பந்தியில் எங்கள் ஸ்டாண்டு டிரைவர் ஒருவன் கேட்டான்.

"எல்லாம் சரிண்ணே. மாப்பிள்ளைக்கு ஸ்பேர் எங்க?"

ஸ்பேர் சிரிக்கவில்லை. "தம்பிக்காரன் ஒருத்தன் இருக்கான். விசாரிச்சிட்டுத்தான் பொண்ணு குடுத்தேன்."

நான் நேர் எதிர். எனக்கு ஒன்று போதும். என் காரும் அப்படித்தான். நான் வாங்கும்போதே அதற்கு ஒன்பது வயது. முதல் ஓனர் அதில் ஒரு அலாரம் பெட்டி மாட்டியிருந்தார். ரிமோட்டை அழுத்தித்தான் திறக்க வேண்டும். அழுத்தாமல் சாவி போட்டால் ஊரைக் கூட்டும். இன்ஜினும் எடுக்காது. அந்த ரிமோட் என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

இது தெரிந்த நாளிலிருந்து ஸ்பேருக்குத் தூக்கம் போச்சு. அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டுவார்.

"யோவ், ஒத்த ரிமோட்டு! நில்லுய்யா!"

"ஒரு காருக்கு ஒண்ணு போதும்ணே."

"ஒனக்கு எத்தினி கிட்னி?"

"ரெண்டு."

"ஏன், ஒண்ணு போதாதா?"

நான் கியரைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

அந்த மாடல் ரிமோட் அப்போதே கடைகளில் வருவதில்லை. அவராகவே தேடினார். திடீரென்று போன் வரும். "ஒத்த ரிமோட்டு, விழுப்புரத்துல காயலாங்கடையில குந்திகினு இருக்கேன். ஒன் ரிமோட்டு மாதிரியே ஒண்ணு கிடைச்சுது. காரை எடுத்துகினு வா. அரை மணி வேலை." எனக்குச் சவாரி இருக்கும். இல்லாவிட்டாலும் இருக்கிறது என்பேன். இப்படியே ஆறு மாதம் ஓடியது.

பிறகுதான் அந்தக் கோயில் வந்தது.

திருவக்கரை தாண்டி ஒரு சின்ன அம்மன் கோயில். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். கல்யாணம் முடிந்த நாலாம் நாள். சாமி கும்பிட்டுவிட்டு நேராக விழுப்புரம் ஸ்டேஷன் போக வேண்டும். நாலு மணிக்கு ரயில். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிற நேரம். அந்த ரயிலை விட்டால் சொன்ன நாளுக்கு வடக்கே முகாமில் போய் நிற்க முடியாது.

அத்தை கேட்டாள். "டிரைவர் தம்பி, காருக்கும் சேத்து ஒரு பூசை போட்டுடலாம். சாவியக் குடு."

சாவியை அம்மன் காலடியில் வைத்து வாங்குவது எல்லோரும் செய்வதுதான். கொடுத்தேன். ரிமோட்டும் சாவியோடுதான் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பூத்தட்டில் வைத்தாள். மேலே அரளிப்பூவைக் கொட்டினாள். தட்டு அப்படியே அம்மன் காலடிக்குப் போனது. உள்ளே சாவி இருப்பதை அத்தை பூசாரியிடம் சொல்லவில்லை. அதே அத்தைதான் அன்று அபிஷேகத்துக்கும் சொல்லியிருந்தாள்.

பால், தயிர், மஞ்சள் தண்ணீர், இளநீர். எல்லாவற்றையும் ஊற்றியது அம்மன் தலையில். எல்லாம் வந்து சேர்ந்தது என் ரிமோட்டில்.

திரும்பி வந்தபோது அது மஞ்சளாக இருந்தது. தயிர் வாசனை. அழுத்தினேன். சத்தம் இல்லை. துடைத்து அழுத்தினேன். ஓட்டை வழியாகக் கொஞ்சம் பால் வந்தது.

வேறு வழியில்லாமல் சாவி போட்டுத் திறந்தேன். கார் கத்த ஆரம்பித்தது. பூ விற்கிற அம்மா கூடையோடு ஓடினாள். பூசாரி வெளியே வந்து பார்த்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மன் எறங்கிட்டா போல இருக்கே!"

"அலாரம்மா" என்றேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். அடங்கியது.

மணி ஒன்று. முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு காரும் இல்லை. பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார். பெண் அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஸ்பேருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவருடைய இன்னொரு நம்பருக்குப் போட்டேன். எடுத்தார்.

"சொல்லு, ஒத்த ரிமோட்டு."

"செத்துட்டுதுண்ணே."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எங்க இருக்கிற?" என்றார். சொன்னேன். "அங்கியே நில்லு. ஜல்தியா வர்றேன்."

இரண்டரைக்கு ஒரு மொபெட் வந்தது. ஓட்டியது அவர் சம்சாரம். பின்னால் ஸ்பேர், மடியில் பையோடு.

"உங்க வண்டி எங்கண்ணே?"

"மயிலத்துல பஞ்சரு. இவ பின்னாடி ஸ்பேர் வண்டியில வந்துகினு இருந்தா. ஏறிகினேன்."

அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எங்க போனாலும் இந்த மனுசன் பின்னாடியே காலி வண்டி ஓட்டிகினு வர்றேன். இன்னிக்குத்தான் எனக்கு வேலை வந்துச்சு." முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பையில் ஒரு டப்பா. அதில் துணி சுற்றி இரண்டு ரிமோட். இரண்டிலும் என் கார் நம்பரைப் பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தார்.

பேட்டரி வயரை மாட்டினார். கார் திரும்பக் கத்தியது. அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒரு சின்ன பட்டனைத் தேடிப் பிடித்தார். சாவியைப் போட்டு, பட்டனை அழுத்தி, ரிமோட்டை அழுத்தினார். ஒன்றும் இல்லை. திரும்பச் செய்தார். இல்லை. அத்தை மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினாள். மாப்பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார், நடந்தே போய்விடுகிறவர் போல.

ஸ்பேர் தலையை வெளியே நீட்டினார். என்னைப் பார்த்தார்.

"இப்பத் தெரியுதா, ஏன் ரெண்டுன்னு?"

இரண்டாவதை எடுத்தார். அழுத்தினார். கத்தல் நின்றது. குய்க், குய்க் என்று கார் பதில் சொன்னது. பெண் கை தட்டினாள். அன்று முழுக்க அவள் போட்ட முதல் சத்தம் அதுதான்.

நான் எப்போதும் அறுபதுக்கு மேல் ஓட்டமாட்டேன். அன்று ஓட்டினேன். ஸ்டேஷனுக்குள் போகும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஏறிவிட்டார். வாசலில் நின்று பெண்ணுக்குக் கை காட்டினார். அப்புறம் எனக்கு. "டப்பாக்காரு கிட்ட சொல்லிடுங்கண்ணே!" என்று கத்தினார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ரயில் போய்விட்டது.

டப்பாவில் வந்து வேலை செய்யாத அந்த முதல் ரிமோட்டை ஸ்பேர் அடுத்த வாரமே சரிசெய்து கொடுத்தார். பிறகு பாண்டியில் ஒன்று கிடைத்தது என்று கொண்டுவந்தார். பொங்கலுக்கு இன்னொன்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்தாவதும் கொண்டுவந்தார். அதைக் காரின் அலாரம் பெட்டி ஏற்கவில்லை.

"இந்தப் பொட்டிக்கு நாலுக்கு மேல ஞாபகம் நிக்காதாம்யா" என்றார். வீட்டில் துக்கம் நடந்த மாதிரி முகம்.

பிறகு கடையை மூடிவிட்டு விழுப்புரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். முண்டியம்பாக்கத்தில் கண் ஆபரேஷன் என்று பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணால் என்னைக் கண்டுபிடித்தார்.

"வா, நாலு ரிமோட்டு. ஒரு கண்ணத்தான் பண்ணச் சொன்னேன். இது ஸ்பேரு."

போன வருடம் காரை விற்றேன். வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். ரிமோட்டுக்கு ஸ்பேர் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்பேர் அண்ணன் தந்த டப்பாவைத் திறந்தேன்.

நாலு இருந்தது. கொடுத்தது மூன்று.