மாமியும் நானும் மூன்றாவது ஊசியும்

கூச்சமும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான். அதற்கு மட்டும் யாரும் இன்னும் ஊசி கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் நான் போய்ப் போட மாட்டேன். வரிசையில் நிற்க வேண்டும், கேட்டால் பெயர் சொல்ல வேண்டும். யாரால் முடியும்?

பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து நடந்து வருகிறவன் நான். ஒரு தடவை காரைதீவில் இறங்க வேண்டியவன் கோமாரி வரை போயிருக்கிறேன். (அன்றைக்கென்று இடையில் ஒருவரும் இறங்கவில்லை. அல்லது இறங்கியபோது நான் தூங்கிவிட்டேன். வீட்டில் இரண்டாவதைச் சொல்லவில்லை.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படிக் கல்முனையில் என் மனைவி பரீதாவின் வீட்டுக்கு வந்தவன். அந்த வளவிலேயே, சமைக்கும் குசினியை ஒட்டிய அறையில் மாமி இருக்கிறார். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை என்பது ஊரின் பழைய வழமை. அது மரியாதை. இந்தக் காலத்துப் பொடியன்மார் மாமியோடு உட்கார்ந்து டீவி பார்க்கிறார்கள், அது வேறு கதை. மற்ற மருமகன்மாருக்கு இந்த வழமை ஒரு கட்டுப்பாடு. எனக்கு அது ஒரு சலுகை.

மாமியும் இதில் என்னைவிடக் கடுமையானவர். "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் சாப்பிடாது என்பதால் நான் போய்ச் சாப்பிடுவேன். மற்ற எல்லாச் செய்தியும் பரீதா வழியாகப் போய் வரும். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஒரு மனஸ்தாபமும் இல்லாமல் ஓடியது.

பிறகு கொரோனா வந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் வந்தது. எனக்கு மூக்கு செத்துப்போனது. அடுப்பில் கருவாடு கருகி வளவெல்லாம் புகை மூடியும் எனக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கத்தித்தான் தெரிந்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், ஆவி பிடித்தோம். எனக்கும் பரீதாவுக்கும் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. மாமிக்கு இறங்கவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. ஒரு நாள் நேர்ஸ் ஒருவர் அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். பரீதா அப்போது தொழுதுகொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"கதைங்க, ஒங்கட மாமி லைன்ல இரிக்காங்க" என்றார் நேர்ஸ்.

நான் ஒன்றும் கதைக்கவில்லை. மாமியும் ஒன்றும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, திரும்பவும் இழுத்து வரும் மூச்சு. அது அடுத்த தரம் வருமா என்று காதைப் போனில் அழுத்திக்கொண்டு நின்றேன். வந்தது. பிறகு லைன் துண்டாகிவிட்டது.

"உம்மா என்ன சொன்னா?" என்று பரீதா ஓடி வந்து கேட்டாள்.

"ஒண்டுமில்ல, நல்லாக் கதைச்சோம்" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ், மாமி திரும்பி வந்தார். பாதியாக வந்தார். அனுப்பும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தரம் வந்தா இவங்க தாங்கமாட்டாங்க. மூணாவது ஊசி போடத் தொடங்கினதும் கட்டாயம் போட்டுடுங்க." நான் தலையை ஆட்டினேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

மூன்றாவது ஊசி வந்த நேரம் பார்த்துப் பரீதா வீட்டில் இல்லை. கொழும்பில் இருக்கும் எங்கள் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். போனில் தாயிடம் ஊசி, ஊசி என்று ஓதினாள். மாமி "ஓம் மகள், ஓம் மகள்" என்று கேட்டுவிட்டுப் போனை வைப்பார். அவ்வளவுதான். கடைசியில் பரீதா என்னைப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, உம்மாக்கு ஊசி போட்டுட்டுத்தான் நீங்க எனக்குப் போன் எடுக்கணும். எப்படியெண்டாலும் சரி."

"நான் எப்படிச் சொல்ற? நீதானே சொல்ற ஆள்."

"என்ட உம்மா உசிரோட இரிக்கிறத விட ஒங்கட வெக்கம் பெரிசா?"

வயலுக்கு அணை கட்டுகிறவன் மாதிரி மனதைக் கட்டிக்கொண்டேன். மாமிக்கு ஊசி போட்டே தீருவது. அவரோடு கதைக்காமலே போட்டுத் தீருவது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: நாளைக் காலை பாடசாலை மண்டபத்தில் ஊசி. நான் வீட்டுக்கு வந்து நடுவாசலில் உட்கார்ந்தேன். மாமி குசினியில் இருந்தார். நடுவில் ஆள் இல்லை, பூனைதான் படுத்திருந்தது. வேறு வழியில்லாமல் பூனையைப் பார்த்துச் சொன்னேன்:

"நாளைக்கு மூணாவது ஊசி போடுறாங்களாம். வயசான ஆக்கள் கட்டாயம் போடணுமாம்."

குசினிக்குள்ளிருந்து மாமியும் பூனைக்கே பதில் சொன்னார்: "ரெண்டு ஊசி போட்டும் அந்த வருத்தம் வந்ததுதானே. மூணாவது என்னத்துக்கு? அழகு பாக்கவா?"

"ரெண்டு போட்டதாலதான் தப்பி வந்தாங்களெண்டு டொக்டர் சொன்னாரு."

"தப்ப வச்சவன் அல்லாஹ். டொக்டர் ஊட்டுக்குப் போகச் சொன்னதுதான்."

பூனை என்னைப் பார்த்தது, குசினியைப் பார்த்தது, எழுந்து வெளியே போய்விட்டது. பேச்சுவார்த்தை முறிந்தது.

அது பெற்றோலுக்கும் டீசலுக்கும் ஊரே கலனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். ஓட்டோ பிடிக்க முடியாது. ஆனால் சவளக்கடையில் நான் செய்யும் வயலுக்கு ஒரு லேன்ட்மாஸ்டர் வைத்திருக்கிறேன், இரண்டு சில்லு உழவு இயந்திரம். போகத்தில் மிஞ்சிய கொஞ்ச டீசல் அதில் கிடந்தது. சனிக்கிழமை காலை அதற்குப் பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொளுவி, பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்துக் கயிற்றால் கட்டினேன். ஏறுவதற்கு ஒரு பலகைக் கட்டையும் வைத்தேன். பிறகு குசினி யன்னலுக்கு நேரே நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, அப்படியே விட்டுவிட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சின் டக டக என்று ஓடியது. மாமி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பவும் வந்து பார்த்தார். நான் அசையவில்லை. டீசல் ஒவ்வொரு சொட்டாகப் புகையாகிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனிதப் பிறவியால் முடியாது.

கொஞ்ச நேரத்தில் அபாயாவைப் போட்டுக்கொண்டு மாமி வெளியே வந்தார். "டீசல் வீணாப் போகுதே, யா அல்லாஹ்" என்று வானத்துக்குச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

லேன்ட்மாஸ்டரில் ஒரு வசதி, ஓட்டுகிறவனின் முதுகுதான் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். மாமிக்கும் மருமகனுக்கும் என்றே செய்த வாகனம். ஆனால் அது போகும் வேகத்தில் ஊரில் உள்ள எல்லோருக்கும் எங்களை ஆறுதலாகப் பார்க்க நேரம் கிடைத்தது. மாமி குடையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சந்தியில் மீன் விற்கும் ஜௌபர் கையில் கத்தியோடு எழுந்து நின்றுவிட்டான்.

"டேய் மச்சான், மாமியக் கதிரையோட எங்கடா கொண்டு போறாய்? எலக்சன் கேக்கிறாவா?"

நான் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது: "ஓம் மகன், ஒன்ட வோட்டு எனக்குத்தான். போடாட்டி ஒன்னட்ட மீன் வாங்கமாட்டன்."

மாமி பகிடி விடக்கூடியவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். மாமியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலோடு ஒதுங்கினேன். பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு நேர்ஸ், வெளியூர்ப் பிள்ளை, வந்து கூப்பிட்டாள்.

"மருமகன் யாரு? உங்கட மாமிக்கு அவங்க எடுக்கிற குளிசையின்ட பேர் தெரியாதாம். உங்களுக்குத்தான் தெரியுமாம், வாங்க."

பெண்களின் வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நடந்தேனா மிதந்தேனா தெரியாது. மாமி இருந்த கதிரைக்குப் பக்கத்தில், நல்ல வேளையாக, ஒரு தூண் இருந்தது. நான் அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். மாமி உடனே முக்காட்டை இழுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சீனிக்கு எடுப்பது, பிரஷருக்கு எடுப்பது, இரண்டின் பெயரையும் தூணுக்குச் சொன்னேன்.

"கொரோனா வந்து ஆஸ்பத்திரியால எப்ப வந்தாங்க?" என்றாள் நேர்ஸ்.

எனக்குச் சரியாக நினைவில்லை. தூணிடம் கேட்டேன்: "நோன்புக்கு முந்தியா, பிந்தியா?"

மாமி தூணுக்குச் சொன்னார்: "நோன்புக்கும் மறுகா, ஹஜ்ஜிப் பெருநாளைக்கும் மறுகா."

நேர்ஸும் தூணைப் பார்த்தாள். அதில் 'கைகளைக் கழுவவும்' என்ற நோட்டீஸைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் மெதுவாக எழுந்துபோய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இளம் டொக்டர், சிங்களவர், ஊருக்குப் புதிதாக வந்தவர். நிதானமாக நல்ல தமிழ் கதைத்தார்.

"அம்மா, நீங்க யாரோட கதைக்கிறீங்க?"

"மருமகனோட" என்றார் மாமி, தூணைப் பார்த்தபடி.

டொக்டர் தூணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எவ்வளவு காலமா இப்படி?"

"கலியாணம் முடிச்ச நாளையில இருந்து" என்றேன்.

"அம்மாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்றேன். நானும் தூணுக்குத்தான் சொன்னேன்.

டொக்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கொரோனா வந்த பிறகு வயதானவர்கள் சிலருக்கு மனக்குழப்பம் வருவதுண்டு என்று அன்பாக விளக்கினார். இன்றைக்கு ஊசி வேண்டாம், முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாங்க என்றார். "முடிந்தால் நீங்களும் காட்டுங்க" என்று என்னிடம் சொன்னார்.

வரிசையில் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டொக்டர், பைத்தியமில்ல, இது எங்கட ஊர் வழமை" என்றாள்.

"தூணோட கதைக்கிறதா?"

"இல்ல, மாமியும் மருமகனும் கதைக்கிறல்ல."

டொக்டருக்குப் பாதி விளங்கியது. "அப்ப ஒரு தரம் நேராக் கதைக்கட்டும் பார்ப்போம். அவங்களுக்கு விளங்குது, விருப்பம் எண்டு தெரிஞ்சா போடலாம்."

ஆனால் மாமி ஏற்கெனவே எழுந்துவிட்டார். "டொக்டரே வேணாமெண்டுட்டார். அல்லாஹ் போதும்" என்று குடையைக் கையில் எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அந்தப் போனில் கேட்ட மூச்சு எனக்குக் காதுக்குள் கேட்டது. ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றேன். இருபது வருஷத்துக்கு மேலான மருமகன் வாழ்க்கையில் நான் அவருக்கு நேரே நின்றது அதுதான் முதல் தடவை. நான் சொல்ல நினைத்தது: மாமி, ஊசி போடுங்க, நல்லது. இவ்வளவுதான். வாயைத் திறந்தால் வந்தது வேறு. அதுவும் லேன்ட்மாஸ்டர் சத்தத்துக்குக் கத்துகிற குரலில் வந்தது.

"மாமி! ஒங்களுக்கு என்னமும் நடந்தா, மறுகா நான் ஆரோட கதைக்காம இரிக்கிற?"

பிறகு வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்றார்கள், மண்டபமே உடைந்து சிரித்தது. டொக்டர் அந்த வசனத்தை மெதுவாக ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவருடைய முகக்கவசமும் ஆடத் தொடங்கியது.

மாமி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் தாடி இவ்வளவு நரைத்துப்போனது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். அபாயாவின் கையைச் சுருட்டினார்.

"எனக்கு விளங்குது மகன். விருப்பம்தான். போடுங்க" என்றார் டொக்டரிடம், நேராக.

ஊசி போட்டார்கள். கண் சிமிட்டவில்லை அந்த மனுசி. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, தூண் பக்கம் போகாமல், நேரே என்னைப் பார்த்தார்.

"மருமகன், நீங்க போட்டாச்சா?"

நான் போடவில்லை. மாமியிடம் பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"அப்ப இரிங்க இதுல."

இருந்தேன். ஊசியைக் கண்டது ஞாபகம் இருக்கிறது. குத்தியது ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது பெண்கள் உட்காரும் வாங்குப் பலகையில் மல்லாந்து கிடக்கிறேன். மாமி முக்காட்டு நுனியால் விசிறுகிறார்.

"ஒழும்புங்க மருமகன், ஆக்கள் பாக்குறாங்க. காலையில ரொட்டி சுட்டு வச்சன், தொட்டும் பாக்கல்ல. பசிச்சா வாய் திறந்து கேக்கணும். எத்தின வருசமாச் சொல்லணுமெண்டு நினைச்ச..."

அன்று தொடங்கிய அந்தக் கதை இன்றுவரை நிற்கவில்லை. இருபது வருஷத்து இருப்பு. நான் செருப்பைக் கழற்றிப் போடும் விதம், குளிக்கும்போது கொட்டும் தண்ணீர், பரீதாவுக்கு நான் எடுத்துக்கொடுத்த சாரிகளின் நிறம், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கொழும்பிலிருந்து வந்த பரீதா வாசலிலேயே பையை வைத்துவிட்டு நின்றுவிட்டாள். "நான் ஊசி போடத்தானே சொன்ன? உம்மாவ என்ன செஞ்சீங்க?" என்றாள்.

நான் மண்டபத்தில் கத்திய வசனம் எனக்கு முன்னாலேயே சந்திக்கு வந்துவிட்டது. மீன் வாங்கப் போனால் ஜௌபர் அதைச் சொல்லிவிட்டுத்தான் தராசைத் தொடுவான். கொழும்பில் மகளும் மருமகனும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால், பரீதா போனில் கேட்கும் முதல் கேள்வி: "இண்டைக்கு நீ ஆரோட கதைக்காம இரிக்கிற?"

பிறகு நாலாவது ஊசி என்றார்கள். இந்த முறை நான் பூனையைத் தேடவில்லை. மாமியே என்னை எழுப்பி, ரொட்டியைத் தின்னவைத்து, கூட்டிக்கொண்டு போனார். பெயர் கேட்ட மேசையில் எனக்கு வாய் திறக்கும் வேலையே வரவில்லை. மாமி முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்:

"இது என்ட மருமகன். கேட்டா ஒண்டும் சொல்லமாட்டார், ஊசியக் கண்டா விழுவார். முதல்ல இவரப் படுக்க வைங்க, மறுகா குத்துங்க."