அட்வான்ஸ் மாஸ்டரின் அடக்கப் பாட்டுகள்

"…செத்தவனுக்குப் பாடுனா அது பாட்டு, ஃபாதர். நான் இங்க உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்கேன். எனக்குப் பாடுனா அதுக்கு என்னங்க பேரு?"

மாதா கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சவரிமுத்து இப்படிக் கேட்டபோது ஃபாதர் எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் எங்கள் கோயிலுக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்குப் பழகிப்போன விஷயம் அவருக்குப் புதிது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சாவதற்கு யாரும் அவ்வளவாகப் பயந்தது கிடையாது. அட்வான்ஸ் மாஸ்டர் என்ன பாடப்போகிறார் என்பதற்குத்தான் பயந்தார்கள்.

மாஸ்டர் எங்கள் கோயிலின் பாட்டு மாஸ்டர். ஆர்மோனியம், பாட்டு, மெட்டு, வரிகள் எல்லாம் அவரே. நான் அவருக்கு டோலக் வாசித்தவன். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். தாளம் எனக்கு வந்ததே ஓடுகிற மோட்டாரைக் கேட்டுக் கேட்டுத்தான் என்று மாஸ்டர் சொல்வார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியாது.

சின்ன வயதில் அவருக்கு எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். திருச்சியில் பக்திப் பாட்டு கேசட் போடுகிறவர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பெட்டி படுக்கையோடு போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்து கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாஸ்டர், என்ன ஆச்சு?"

"கண்ணாடி ரூமுக்குள்ள விட்டு மைக்கைப் பாத்துப் பாடச் சொல்றான். மைக்கு இருக்கு, ஆளைக் காணோம். யாருக்குப்பா பாடுறது?"

அத்தோடு பட்டணத்து வாழ்க்கை முடிந்தது. அவருக்குப் பாட ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்தால் எந்த நேரமும் பாட்டு வரும்.

அடக்கப் பாட்டு விவகாரம் ஆரம்பித்தது ஒரு அறுவடைக் காலத்தில். களத்து மேட்டில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். புத்தகத்தில் இருக்கும் பொதுவான பாட்டை மாஸ்டர் நன்றாகவே பாடினார். எல்லாம் முடிந்து மண் தள்ளிவிட்டு வரும்போது இறந்தவரின் மனைவி அவரை நிறுத்தினார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர். ஆனா யாருக்கு வேணாலும் பாடலாமே. எங்க வூட்டுக்காரரு அதுல எங்க இருக்காரு?"

மாஸ்டர் ஒரு வாரம் அந்தம்மா கேட்டதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். பிறகு டவுனுக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். எங்கள் ஊரில் காலையில் உயிர் போனால் சாயங்காலம் அடக்கம். அதற்குள் மெட்டுப் போட்டு, எழுதி, பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் இருக்கிறவர்களுக்கே முன்கூட்டிப் பாட்டு கட்ட ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அப்போது வந்த பெயர்தான் அட்வான்ஸ் மாஸ்டர்.

ஊரின் பழக்கவழக்கமே கொஞ்சம் மாறிப்போனது. மாஸ்டர் நோட்டோடு நலம் விசாரிக்கப் போனால் எப்படிப்பட்ட நோயாளியும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, லேசா வாய்வுதான்" என்பார். டீக்கடை ரோஸியம்மா அவருக்கு மட்டும் ஏலக்காய் டீ கொடுத்து, "என் கைமணத்தைப் பத்தி ஒரு வரி போட்டிருக்கீங்கல்ல?" என்று கேட்டுக்கொள்ளும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒரு தார் பூவன்பழத்தோடு வந்து தனக்குக் கல்யாணி ராகத்தில் வேண்டும் என்றார்.

"உங்க கோவத்துக்கு அடாணாதான் சார் வரும்" என்றார் மாஸ்டர். தாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த காரியத்தை லில்லியின் போன் கெடுத்தது. லில்லி எங்கள் குழுவில் நல்ல குரல். வீட்டில் பாடிப் பழகுவதற்காக ஒத்திகையைப் பதிவு செய்தது. அதைப் பாடல் குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதாக நினைத்து, ஊர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டது. அன்றைய ஒத்திகை, அறுப்பு மெஷின் வைத்திருக்கும் சவரிமுத்துவின் பாட்டு.

*கதிரறுக்கும் வண்டியிலே காலமெல்லாம் போனவரே*
*சவரிமுத்து ஐயாவே, களைப்பாறப் போனீரோ…*

மறுநாள் விடிந்ததும் ஊர் கேட்டது. கேட்டவர்கள் யோசிக்கவில்லை. பாட்டு வந்துவிட்டது என்றால் ஆள் போய்விட்டார் என்றுதான் அர்த்தம். எட்டு மணிக்குப் பந்தல்காரர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. துபாயிலிருந்து மகன் அழுதுகொண்டே போன் போட்டான். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சவரிமுத்துவோ விடியற்காலையிலேயே பக்கத்து ஊரில் சகதியில் மாட்டிய மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். போன் சட்டையில், சட்டை வரப்பில்.

பத்து மணிக்கு மேல் உடம்பெல்லாம் சேறும் கிரீஸுமாக வீட்டுக்கு வந்தால், வாசலில் பந்தல். திகைத்துப்போய், "யாருய்யா போயிட்டா?" என்று பந்தல்காரரிடமே கேட்டிருக்கிறார். பந்தல்காரர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்.

ஆனால் அன்று ஊர் சிரிக்காமல் போன இடம் ஒன்று உண்டு. வாசற்படியில் தலையில் கைவைத்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தவர் அவருடைய தம்பி லூர்து. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் நிலத்து ஓரமாகத்தான் தம்பி வயலுக்குத் தண்ணீர் பிரியும் மடை. அதில் மணல் மூட்டை போட்டு அடைத்துவிட்டார் சவரிமுத்து. தம்பி போர்வெல் போட்டுப் பயிர் செய்துகொண்டிருந்தார். அண்ணன் உயிரோடு எதிரில் நிற்பதைப் பார்த்ததும் லூர்து அழுகையை நிறுத்தினார். எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அண்ணனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் பேரவைக் கூட்டம். இனிமேல் மாஸ்டர் ஆர்மோனியத்தில் கை வைக்கக்கூடாது, வைத்தால் தன் குடும்பம் வேறு பங்குக் கோயிலுக்குப் போய்விடும் என்பது சவரிமுத்துவின் பிராது. டோலக் அடித்த குற்றத்துக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாஸ்டர் மூலையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீடு என்று இருந்ததே கோயிலுக்குள் மேலே, நாங்கள் உட்கார்ந்து பாடும் அந்தப் பாட்டு மாடம்தான். படுக்கத்தான் வேறு இடம். 

ஃபாதர் நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் 'புது ஃபாதர் – இன்னும் ஒன்றும் தெரியவில்லை' என்று இருந்ததை இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டைச் சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

சவரிமுத்து தன் பக்கத்தைப் படித்தார். அடுத்தவர் பக்கத்தைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். முகம் சிவந்தது.

"ஏன் மாஸ்டர், ஊர்ல எல்லாருக்கும் மூணு சரணம். டீ ஆத்துற ரோஸிக்கு மூணு. எனக்கு ரெண்டா?"

"மூணாவதுக்கு இடம் விட்டிருக்கேன், பாருங்க."

"வெறும் இடமால்ல இருக்கு."

"அது உங்க தம்பி மடையைப் பத்தி வர்ற சரணம்" என்றார் மாஸ்டர். குரல் தாழ்ந்திருந்தது. "அடைச்சவரேன்னு கோயில்ல வச்சுப் பாட எனக்கு மனசு வரலீங்க. திறந்தவரேன்னு பாடுனா பொய்யாயிடும். அதான் விட்டு வச்சிருக்கேன்."

 ஹெட்மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொய்யே பாடிட்டுப் போங்களேன்யா" என்றார் சவரிமுத்து. "நான் என்ன எந்திரிச்சு வந்து கேக்கவா போறேன்?"

"நீங்க கேக்க மாட்டீங்க. லூர்து முன்வரிசையில நிப்பாரு. அவரு கேப்பாருல்ல."

சவரிமுத்து நோட்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிஷப்பிடம் புகார் கொடுக்கப் போகிறார் என்றார் ஹெட்மாஸ்டர். ஃபாதர் எந்த முடிவும் சொல்லாமல் கூட்டத்தைக் கலைத்தார்.

மறுநாள் காலையில் லூர்து வயலில் வாய்க்கால் தண்ணீர் மினுங்கிற்று. ஊரே போய் மடையைப் பார்த்தது. ஆறு மூட்டையில் மூன்றை எடுத்துப் போட்டிருந்தார் சவரிமுத்து. மூன்று அப்படியே கிடந்தன.

மாஸ்டர் நோட்டை எடுத்தார். நாலு வரிச் சரணத்தில் இரண்டு வரி எழுதினார்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது, சவரிமுத்து முதல் தடவையாகப் பாட்டு மாடத்துக்கு ஏறி வந்தார். உட்காரவில்லை. மாஸ்டர் அவரைப் பார்க்காமலே அந்த இரண்டு வரியைப் பாடினார். நான் டோலக்கைத் தொடவில்லை.

"மீதி ரெண்டு வரி?" என்றார் சவரிமுத்து.

"மீதி மூணு மூட்டை?" என்றார் மாஸ்டர்.

 சவரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆர்மோனியத்தின் மேலிருந்த தூசியை மூலை விடாமல் துடைத்தார். மெதுவாகப் படியிறங்கிப் போய், பைக்கை வாய்க்கால் பக்கம் திருப்பினார்.