சடையன் வயிற்றுக்குள் ஒரு விளக்கு

“கரடியா? கரடி வூட்டுக்குள்ள பூந்து, உறிப்பானைய எறக்கி, தேன நக்கிட்டு, மறுபடியும் துணி கட்டி மாட்டிட்டுப் போச்சா?”

“ஜவ்வாது மலைக் கரடி, மங்கா. அதுக்கு எல்லாம் தெரியும்” என்றான் சடையன்.

மங்கம்மாள் விடுவதாயில்லை. மகள் நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பாறைத்தேன் அது.

“துன்னது யாரா இருந்தாலும் சரி, அந்தக் கை வெத்தலத் தட்டத் தொடக் கூடாது. எங்கண்ணன் வந்து மாத்திக்கட்டும்.”

சடையனுக்கு வயிற்றில் சுரீர் என்றது. பெற்ற மகளுக்கு வெற்றிலை மாற்ற மச்சான் ரங்கனா? அவன் மீசையை நினைத்தாலே எரிந்தது.

எரிச்சல் வலியானது. மலையிறங்கி ஆலங்காயத்தில் பஸ் பிடித்து வேலூர் போனார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் அது.

“சீமையிலேர்ந்து புதுக் குழாய் வந்திருக்கு. பாம்பு மாதிரி வளையும். முனையில குட்டி பல்பு. வாய் வழியா வுட்டா வயித்துக்குள்ள இருக்கறது பூரா தெரியும். நாளைக்கு வெறும் வயித்தோட வா” என்றார் டாக்டர்.

“பூராவுமாங்க?”

“பூராவும்.”

மங்கம்மாள் முகம் மலர்ந்தது. “நானும் பாக்கலாங்களா?”

“ஒரு கண்ணால எட்டிப் பாரும்மா.”

தேன் ஒட்டிக்கொள்ளும் பொருள். எப்படி மறைப்பது? மறுநாள் விடிந்ததும், கட்டி எடுத்து வந்த சாமைச் சோற்றைச் சடையன் மறைவாக உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றான். டாக்டர் எதிரே ஏப்பம் காட்டிக் கொடுத்துவிட்டது.

“இன்னா ஆளுய்யா நீ! நாளைக்கு வா.”

“இன்னாத்துக்குத் துன்ன?” என்று மங்கம்மாள் அவனையே உற்றுப் பார்த்தாள்.

தேன் பாத்திரத்தைப் புளி போட்டுத்தானே கழுவுவார்கள்? விற்கக் கொண்டுவந்த புளியைக் கரைத்து ஒரு செம்பு குடித்தான். வயிறு பற்றி எரிந்தது. சுருண்டு விழுந்தவனை வார்டில் படுக்க வைத்து, பஷீரா என்ற ஆயாவைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

காலையில் கையில் ஊசி போட்டார்கள். கண் செருகியது.

அவன் வயிறு மலையாக விரிந்தது. பனிக்குள் சின்ன வெளிச்சம் ஒன்று மிதந்து வந்தது. விளக்கைப் பிடித்திருந்தவள் மங்கம்மாள். தலையில் பூ, முகத்தில் கோபமே இல்லை. பாறையெல்லாம் தேனடை. ஒவ்வொரு சொட்டும் மினுங்கி மெல்ல இறங்கியது. ஓரமாக ஒரு கரடி விசும்பிக்கொண்டிருந்தது. “எம்மேல ஏன் பழி போட்ட, சடையா?”

விழித்தபோது பக்கத்தில் மங்கம்மாள்.

“பாத்துட்டியா மங்கா?” எழுந்து உட்காரப் பார்த்தான். “கரடி பாவம். நான்தான் துன்னேன். மொதல்ல வெரலால. அப்பறம் கரண்டியால. எங்க ஒட்டினு இருந்துச்சு, ஓரத்துலயா, நடுவுலயா?”

மங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பஷீரா போர்வையை இழுத்துவிட்டாள். “ஐயே, கம்முனு படுங்க பெரியவரே. நீங்க தூங்கனதுமே பல்பு பூட்ச்சு. குழாய் இன்னும் பொட்டிய வுட்டே வெளிய வர்லீங்க!”

வாசகர்களே, யாரும் எட்டிப் பார்க்காமலே உண்மையைச் சொன்னவன் கை வெற்றிலைத் தட்டைத் தொடலாமா, இல்லை ரங்கனுக்கே ஆளனுப்பலாமா? மங்கம்மாள் இன்னும் யோசிக்கிறாள். ஒரு வரி எழுதிப் போடுங்கள்.