ஒரு பிளக்குக்கு முன்பிணை

கொழும்பில் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைக்கு ஆட்கள் எத்தனையோ காரணத்துக்குப் போவார்கள். காணித் தகராறு, அடிதடி, விவாகரத்து, திரும்பி வந்த காசோலை. சுவரில் பூட்டிய ஒரு பிளக்குக்காக முன்பிணை எடுக்க முடியுமா என்று கேட்டுப் போனவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

நான் பயந்த ஆள். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை மூன்றாவது இழுப்பில் பூட்டே கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே நான் ஏதாவது படித்திருக்க வேண்டும். ஆனால் படிப்புக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. (நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.)

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. காலையில் ஹெந்தளைப் பக்கத்திலிருந்து நாலு பெண்களை ஏற்றிக் கோட்டையில் அவர்களுடைய கந்தோர்களில் இறக்குவது, பின்னேரம் திருப்பிக் கொண்டுபோய் விடுவது, இதுதான் என் தொழில். பெற்றோல் வரிசையில் காருக்குள்ளேயே மூன்று நாள் படுத்தெழும்பிய பிறகு, அந்தக் காரை விற்றுவிட்டு, ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த சின்ன கரண்ட் கார் ஒன்றை வாங்கினேன். வீட்டுச் சாதாரண பிளக்கில் அது தண்ணீர் குடிக்கும் கோழி மாதிரிச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். அப்போதுதான் என் காரில் வரும் ஒரு மிஸ் சொன்னா: ஒரு கம்பனி, பரீட்சார்த்தமாகச் சில வீடுகளுக்குச் சார்ஜர் இலவசமாகப் பூட்டிக் கொடுத்து, ஒரு வருடம் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போகிறதாம்.

படிவத்தை நிரப்பியது என் மனைவி ரெஜினா. வெள்ளவத்தையில் வளர்ந்தவள், பாலர் பாடசாலை ரீச்சர், மூன்று மொழியும் ஓடும். இருபது பக்க ஒப்பந்தத்தை அவள் வாசித்துக்கொண்டு போக, ஒரே ஒரு நிபந்தனை மட்டும் என் காதில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது: வேறு யாருடைய வாகனத்துக்கும் இந்தச் சார்ஜரைப் பாவிக்கக் கூடாது.

சார்ஜர் வந்தது. வெள்ளைப் பெட்டி, கறுப்பு வயர், துப்பாக்கி மாதிரி ஒரு பிளக், பச்சை லைற். எல்லோரும் அதில் சார்ஜரைப் பார்த்தார்கள். நான் வீட்டு முன்சுவரில் ஒரு நெருப்பைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அதைப் பராமரிப்பது எனக்கு இரண்டாவது தொழில். மழை படாமல் என் மோட்டார் சைக்கிள் ரெயின்கோட்டை அதற்குப் போட்டேன். ரெயின்கோட் நனையாமல் மேலே ஒரு குடை கட்டினேன். பெட்டிக்குப் பின்னால் குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகினேன். இரவில் சார்ஜ் பண்ணச் சொல்லியிருந்தார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே காலை ஓட்டம் முடிந்து வந்து, பட்டப்பகலில், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சார்ஜ் பண்ணினேன். தினமும் குறிப்பெழுத ஒரு கொப்பியும் தந்திருந்தார்கள். அதில் நாள் தவறாமல் எழுதினேன்: “இன்றும் வெடிக்கவில்லை.”

பிரச்சினை பக்கத்து வீட்டுச் சிங்களவர் சில்வா அய்யே வடிவில் வந்தது. (எனக்கு அவர் அய்யே, அண்ணன்; அவருக்கு நான் மல்லி, தம்பி.) அவரும் ஒரு கரண்ட் கார் வாங்கினார். ஒருநாள் பேட்டரி செத்துப்போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அன்ரன் மல்லி, பொட்டக், கொஞ்சம் சார்ஜ் போடுவமா? மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேணும்.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். பிறகு இன்னொரு நாளும் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சார்ஜர் பூட்டி எட்டாம் மாதம் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ரெஜினா வேலைக்குப் போயிருந்தாள். மூன்று பக்கம், மூன்று மொழி. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் அப்படியே மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, தாய்மொழி இருக்க என்ன பயம் என்று தமிழ்ப் பக்கத்தை எடுத்துக் கதிரையில் இருந்து வாசித்தேன். அந்தத் தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் உள்ளபடியே தருகிறேன்:

“தங்கள் இல்லக் குற்றச்சாட்டு விசாரணையில் பாரிய முறைகேடுகள் அவதானிக்கப்பட்டுள்ளன. எதிர்வரும் செவ்வாய்க்கிழமை மு.ப. 10 மணிக்கு எமது உத்தியோகத்தர் தங்கள் இல்லத்துக்குச் சமுகமளிப்பார். திருப்திகரமான விளக்கம் அளிக்கத் தவறின் தாங்கள் முடிவுறுத்தப்படுவதுடன், குற்றஞ்சாட்டி கழற்றி எடுத்துச் செல்லப்படும்.”

சில்வா அய்யே விசயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கம்பனி கேஸ் போட்டுவிட்டது. குற்றச்சாட்டு இருக்கிறது, விசாரணை இருக்கிறது, உத்தியோகத்தர் இருக்கிறார். ‘தாங்கள் முடிவுறுத்தப்படுவதுடன்’ என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். குற்றஞ்சாட்டி என்பது யார், அவரை எங்கிருந்து கழற்றுவார்கள் என்பதுதான் விளங்கவில்லை. சட்டத்தில் அப்படி ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரெஜினாவிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (அவள் எதற்கும் பயந்து நான் கண்டதில்லை.) அடுத்த நாள் புதுக்கடைக்குப் போனேன். அங்கே மரியதாசன் என்று ஒரு லோயர். அப்பா துறைமுகத்தில் காலை உடைத்துக்கொண்டபோது அவருடைய வழக்கைப் பேசியவர். நான் போனபோது சாப்பாட்டுக் கடையில் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். ஒருதரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருதரம் வாசித்தார்.

“என்ன அன்ரன் இது? குற்றச்சாட்டு எண்டு இருக்கு. ஆனா என்ன குற்றச்சாட்டு எண்டு விளங்கல்லயே.”

“பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரண்ட் குடுத்தனான் சேர். ரெண்டு தரம்.”

“எந்தக் கோர்ட்ல கேஸ்?”

“வீட்லதான் சேர் விசாரணை. இல்லம் எண்டு போட்டிருக்கு.”

“நாப்பது வருஷமா இந்த வளவுக்குள்ள நிக்கிறன். வீட்டுக்கு வந்து விசாரிக்கிற கோர்ட்டை நான் கண்டதில்ல.”

“முன்பிணை எடுக்க ஏலாதா சேர்?”

“பொலிஸே இல்லாத கேஸ்ல யாரிட்ட இருந்து பிணை எடுக்கிறது?” ரோல்ஸின் மிச்சத்தை வாயில் போட்டுவிட்டு யோசித்தார். “ஒண்டு செய். ஆள் வந்தா வாயைத் திறக்காத. எது கேட்டாலும், எங்கட லோயர் வந்த பிறகு சொல்றன் எண்டு மட்டும் சொல்லு.”

செவ்வாய்க்கிழமை. நாலு மிஸ்மாரையும் இறக்கிவிட்டு வந்து, ஒரு பையைக் கட்டிக் கதவடியில் வைத்தேன். இரண்டு சாரம், துவாய், பல்துலக்கி, காஸ்ட்ரிக் மாத்திரை, செபமாலை. உள்ளே போட்டால் எத்தனை நாளோ. அந்த நாலு பேரும் எப்படிக் கோட்டைக்குப் போவார்கள், மகள் ஷெரினின் கம்பஸ் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்து, இன்னொரு காஸ்ட்ரிக் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன்.

பத்தேமுக்காலுக்கு உத்தியோகத்தர் வந்தார். பருமனாக, மீசையோடு ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஸ்கூட்டியில் ஒரு பெண் பிள்ளை. மாளிகாவத்தையாம், பெயர் ரிஸ்னா, எஞ்சினியர். கையில் ஒரு டப்லெட். குடையையும் ரெயின்கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டப்லெட்டைத் திறந்தா.

“அங்கிள், டெய்லி எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுவீங்க?”

“எங்கட லோயர் வந்த பிறகு சொல்றன் மிஸ்.”

“லோயரா? என்னத்துக்கு?”

“அதையும் அவர் வந்த பிறகுதான் சொல்லலாம்.”

அவ டப்லெட்டைத் திருப்பிக் காட்டினா. சீப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி நெருக்கமாகக் கோடுகள்.

“இதைப் பாருங்க. போன வெள்ளி ஒரே நாளில இருபத்திமூணு தரம் சார்ஜ் ஏறியிருக்கு. மத்த வீடுகள்ல ஒரு தரம், கூடினா ரெண்டு தரம். நீங்க ரோட்ல போற எல்லாருக்கும் சார்ஜ் வித்தீங்களா? அப்பிடியெண்டா நான் இதைக் கழட்டிக்கொண்டு போகத்தான் வேணும். உண்மையைச் சொல்லுங்க, அங்கிள்.”

எனக்குச் சில்வா அய்யேயின் இரண்டு தரம் மட்டும்தான் தெரியும். இருபத்திமூன்று எங்கிருந்து வந்தது? லோயர் சொன்னதைத் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ரிஸ்னாவின் கண் கதவடியில் இருந்த பைக்குப் போனது.

“எங்கயாவது ஓடப் போறீங்களா?”

இந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சில்வா அய்யே, பெனியனோடு கேற்றைத் திறந்துகொண்டு வந்து நெஞ்சில் கையை வைத்தார்.

“மம தமய் மிஸ். நான்தான். அன்ரன் மல்லி பாவம். ரெண்டு தரம் நான் எடுத்தது. என்னைக் கொண்டுபோங்க.”

என் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு மனிதன். ரிஸ்னா கலங்கவில்லை.

“சரி, ரெண்டு. மிச்சம்?”

மிச்சத்துக்குப் பதில் கேற்றடியில் வந்தது. ரெஜினா, பாலர் பாடசாலை முடிந்து, கையில் கீரைக் கட்டோடு நின்றாள்.

“என்னப்பா, என்ன கூட்டம் இது? ஏன் என்ர புதுத் துவாய் பைக்குள்ள இருக்கு?”

மறைக்க ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தாள். அவளுடைய முகத்தில் ஒரு இடம் துடிக்கத் தொடங்கியது.

“மிச்சப் பக்கம் எங்க?”

“லாச்சிக்குள்ள.”

உள்ளே போய் எடுத்து வந்தாள். ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாலர் வகுப்புக்குப் படிப்பிக்கிற மாதிரி விரலால் காட்டினாள்.

“சார்ஜ் எண்டா மின்னேற்றம். இவையள் குற்றச்சாட்டு எண்டு போட்டிருக்கினம். ட்ரையல் எண்டா பரீட்சார்த்தம். விசாரணை எண்டு போட்டிருக்கினம். முடிக்கிறது உங்களை இல்லை, ஒப்பந்தத்தை. குற்றஞ்சாட்டி அந்தா, ரெயின்கோட் போட்டுக்கொண்டு சுவரில நிக்குது.”

ரிஸ்னா தமிழ்ப் பக்கத்தை வாங்கி வாசித்தா. “யா அல்லாஹ்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு வேலை ஞாபகம் வந்து, “ஆனா அந்த இருபத்திமூணு?” என்றா.

“அது இவர்தான் பிள்ளை,” என்றாள் ரெஜினா. “பத்து நிமிஷத்துக்கு ஒருக்காப் போய்ப் பிளக்கைக் கழட்டுவார். சூடா எண்டு தொட்டுப் பாப்பார். பிறகு கொளுவுவார். எட்டு மாசமா இதுதான் நடக்குது.”

நம்ப முடியாத முகத்தோடு ரிஸ்னா என்னைச் செய்து காட்டச் சொன்னா. என் வாழ்க்கையில் அதைவிட வெட்கமான பத்து நிமிடம் இல்லை. ரப்பர் செருப்பைப் போட்டேன். சிலுவை அடையாளம் போட்டேன். பிளக்கைக் காரில் கொளுவினேன், காத்திருந்தேன், கழற்றினேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பது போலப் புறங்கையால் தொட்டேன். எஞ்சினியர், மனைவி, பெனியனோடு பக்கத்து வீட்டுக்காரர், மூன்று பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

“சூடு பாக்கிற மெசின் இருக்கா மிஸ்?” என்று கேட்டேன். “நீங்களே பாருங்க.”

அவ பார்த்தா. புருவம் சுருங்கியது. இன்னொருமுறை பார்த்தா. “சூடுதான். இவ்வளவு சூடு வரக்கூடாது.”

எட்டு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்த அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். “சொன்னேனா?” என்று ரெஜினாவைக் கேட்டேன். வெற்றி என்றால் என்ன என்று எனக்கு ஒரு நிமிடம் தெரிந்தது. சரியாக ஒரு நிமிடம்.

ரிஸ்னா பிளக்கைத் திருப்பி, சின்ன டோர்ச் அடித்து உள்ளே காட்டினா. “பின்னைப் பாருங்க அங்கிள். தேஞ்சு லூஸாகியிருக்கு. லூஸானா சூடு வரும். எட்டு மாசத்துப் பிளக் பத்து வருஷத்துப் பிளக் மாதிரி இருக்கு.” பிளக்கைக் கீழே வைத்தா. “நீங்க சூடா எண்டு கழட்டிக் கழட்டித் தொட்டுப் பாத்ததாலதான் இது சூடாகுது.”

முதலில் உடைந்தது சில்வா அய்யே. மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ரெஜினா, கையில் கீரையோடு. கடைசியில் ரிஸ்னாவும், உத்தியோகத்தர் என்பதை மறந்து. அந்த நேரம் குறிப்புக் கொப்பியை வேறு திறந்து “இன்றும் வெடிக்கவில்லை, இன்றும் வெடிக்கவில்லை” என்று பக்கம் பக்கமாக வாசித்துவிட்டா. சிரிப்பு இன்னும் கால் மணி நேரம் ஓடியது.

சார்ஜர் போகவில்லை. சில்வா அய்யேயின் இரண்டு தரத்துக்கு ஒரு எச்சரிக்கை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் வியாபாரம், கருவிக் கோளாறு, வேறு என்று மூன்று கட்டம் இருந்ததாம். ரிஸ்னா ‘வேறு’ என்பதில் அடையாளமிட்டு, பக்கத்தில் ‘பாவனையாளரின் கவலை’ என்று எழுதினா. புது வயர் பூட்டினார்கள். கொளுவினால் நிறையும் வரை தொட மாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். முதல் நாள், என் கையை நம்பாமல், ரெஜினா என்னை பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போய்க் கடற்கரையில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஒரே ஒரு மருந்துதான். காஸ் மூடினாயா என்று இரண்டாம் தரம் கேட்டால், ஷெரினின் சோதனை முடிவு வந்துவிட்டதா என்று மூன்றாம் தரம் போனைத் தட்டினால், தாயும் மகளும் ஒரே குரலில், “தொட்டுப் பாக்காதேங்கோ, சூடாகிடும்” என்பார்கள். சில்வா அய்யே இதைத் தமிழிலேயே பாடமாக்கிக்கொண்டு மதிலுக்கு மேலால் சொல்வார்.

போன வருடம் ஷெரினுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஒரு கிழமையில் பதில் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். மூன்றாம் நாள் நான் போனை எடுத்தேன். சமையலறையிலிருந்து ஒரு குரல், அறையிலிருந்து ஒரு குரல், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். போனை வைத்துவிட்டேன். ஏழாம் நாள் அவர்களாகவே எடுத்துச் சம்மதம் சொன்னார்கள்.

கல்யாணப் பத்திரிகையை மட்டும் விட முடியவில்லை. அச்சடிக்க முன்பு தமிழ்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன். அதே கடை, அதே கதிரை. மரியதாசன் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மாப்பிள்ளை பெயர், பொம்பிளை பெயர், கோயில், திகதி எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

“பரவாயில்ல அன்ரன்,” என்றார். “இந்த முறை குற்றச்சாட்டு என்னெண்டு விளங்குது.”