உலகத்திலேயே ஒரே பச்சை டயல்

மனித உடலில் பார்க்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: இடது மணிக்கட்டு. முகம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அது காலையில் ஒரு மாதிரி இருக்கும், லீவு கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கும், மாமனார் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். மணிக்கட்டு அப்படி இல்லை. அங்கே கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தாலே ஆளின் குணம் தெரிந்துவிடும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த மிகச் சிலரில் நானும் ஒருவன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் பழங்கடிகாரச் சேகரிப்பாளன். மலிவு விலைப் பிரிவு. என்னிடம் அறுபத்தொரு கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. எதையும் ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கியதில்லை. இது கஞ்சத்தனம் என்று என் மைத்துனர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கட்டியிருப்பது இதயத் துடிப்பை எண்ணும் புதுக் கடிகாரம். தான் உயிரோடு இருப்பதைக் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மனிதரோடு எனக்கு என்ன வாக்குவாதம்?

பழைய சாமான் கடைகளில் செத்துப்போன கடிகாரங்களைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வருவேன். ஒன்றில் டயல் இருக்கும், முள் இருக்காது. இன்னொன்றில் முள் இருக்கும், உள்ளே எறும்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் துண்டை விரித்து, மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் டயலை உட்காரவைத்து, மூன்றாவதின் முள்ளை நட்டு ஓடவைப்பேன். விவரமில்லாதவர்கள் இதை ஒட்டுப்போடுதல் என்பார்கள். எங்கள் வட்டத்தில் இதற்குப் பெயர் ‘மீட்டெடுப்பு’. மீட்டெடுத்த கடிகாரத்துக்கு ஒரு வரலாறும் வேண்டும். வரலாறு இல்லாத கடிகாரம் வெறும் நேரத்தைத்தான் காட்டும்.

அப்படி நான் மீட்டெடுத்தவற்றில் தலைசிறந்தது ஒரு பச்சை டயல். சிவப்பு விநாடி முள். ஒரு கப்பல் கேப்டன் தனக்கென்று தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய கடிகாரம் அது. கேப்டனைப் பற்றிய தகவல்கள் ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் எனக்குக் கிடைத்தன.

அதை எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூம் குமாஸ்தாவுக்கு விலைக்குக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷமாக அந்த அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவர். அதனால் அவருக்கு அலுவலகத்தில் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர். கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“இது ஒண்ணே ஒண்ணுதானா சார்?”

“உலகத்துலயே” என்றேன்.

அன்றைக்கு அது சத்தியம். அடுத்த மாதம் அதே கடையில் இன்னொரு பச்சை டயல் கிடைத்தது என் குற்றமா? அதையும் மீட்டெடுத்து, ‘கால நேசன்’ என்ற புனைபெயரில் இணையத்தில் விளம்பரம் செய்தேன். உலகத்திலேயே ஒன்றே ஒன்று. வாங்கியவரும் புனைபெயரில்தான் வாங்கினார். கூரியரில் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒரு ரசிகர்.

இதற்கிடையில் எங்கள் அலுவலகத்தில் ‘ஊழியர் உற்சாகத் திட்டம்’ என்று ஒன்று பிறந்தது. ஊழியர்கள் உற்சாகமாக இல்லை என்று ஆறு கூட்டங்கள் போட்டுக் கண்டுபிடித்து, ஒரு காபி மெஷின் வாங்கினார்கள். திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காததால் அது பத்து நாள் கூட்ட அறையில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பதினோராம் நாள் காணவில்லை. கேமரா இருந்தது. அதற்கு வயர் வாங்கும் கோப்புதான் இன்னும் கையெழுத்தாகவில்லை.

கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டது நான். எந்த மாடி என்று கேட்டுப் பொத்தானை அழுத்தியதும் நான். பெட்டியைத் தூக்கிய வாக்கில் அவர் சட்டைக்கை மேலேறியிருந்தது. அங்கே என் பச்சை டயல்! விளக்கு வெளிச்சத்தில் அது இருந்த அழகில் நான் கீழே இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. போகும்போது நன்றி என்றார். பண்பான திருடர்.

திங்கட்கிழமை, யாரும் கேட்பதற்கு முன்பே, நானாகப் போய்ச் சாட்சி சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் கெட்டது நுணல் அல்ல.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், எங்கள் நிர்வாக அதிகாரி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையும் மாட்டிய பொத்தானுமாக இருப்பவர். உறுப்பினர், ஸ்டோர் கீப்பர். குறிப்பெடுக்க டைப்பிஸ்ட் அம்மா.

“ஆள் உயரமா, குட்டையா?” என்று தலைவர் கேட்டார்.

“டயல் கொஞ்சம் பெரிசு சார்.”

“நான் ஆளைக் கேட்டேன்.”

“ஆள் பெட்டிக்குப் பின்னாடி இருந்தார்.”

“மீசை?”

“முள்ளு ரெண்டும் மெல்லிசு சார். விநாடி முள்ளு மட்டும் சிவப்பு. நிக்காம ஓடிக்கிட்டிருந்துது.”

மீசைக்கான கட்டத்தில் சிவப்பு முள் என்று எழுதலாமா என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டார். எழுதும்படி தலைவர் உத்தரவிட்டார். என் சாட்சியம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முகத்தைப் பற்றி வீணாக ஒரு வார்த்தையும் பேசாத சாட்சியை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். சொல்லும்போது மேஜைமேல் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முகம் தெரியாத சாட்சிக்கு முகத்தை மறைத்தே அணிவகுப்பு நடத்தலாம் என்பது ஸ்டோர் கீப்பரின் யோசனை. கூட்ட அறையில் திரைச்சீலை கட்டினார்கள். குழுவினர் நீங்கலாக, இருபத்தேழு ஊழியர்கள் திரைக்கு அந்தப்பக்கம் வரிசையாக நின்று இடது கையை மட்டும் இந்தப்பக்கம் நீட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மணிக்கட்டுகளை ஒருசேரக் கண்டதில்லை. மெய்சிலிர்த்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது கை வெறுங்கை. ஒன்பதாவது கையின் வார் மாற்றவேண்டியது. பதினான்காவது கையில் பச்சை டயல்.

“இதுதான் சார்” என்றேன், பெற்ற பிள்ளையை அடையாளம் காட்டுவது போல.

திரையை விலக்கினார்கள். தாழ்ப்பாள் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். ஏதோ கடிகாரப் போட்டி என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“பரிசு எனக்கா சார்?” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். குற்றத்தைக் கண்டுபிடித்த நிபுணருக்கு ஒரு வாய் காபியாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, பச்சை டயல் நீங்க ரெண்டு செஞ்சீங்களே?”

நான் என் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தேன்.

“என் இடுக்கி வளைஞ்சதே ரெண்டாவதுலதான். அதை வாங்கின ஆளா இருக்கக் கூடாதா? பெட்டியோட போனவன் மூஞ்சியை ஒரு தடவை நிமிந்து பாத்திருந்தா என்ன, கழுத்து சுளுக்கிக்குமா? நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க.”

சொன்னால் என்ன ஆகும் என்று விளக்கினேன். உலகத்திலேயே ஒன்று என்று சொன்னது பொய் என்றாகும். கேப்டன் பொய் என்றாகும். அலுவலகத்தில் என்னிடம் கடிகாரம் வாங்கியவர்கள் எல்லோரும் அவற்றைக் கழற்றி என் மேஜைமேல் வைப்பார்கள். ஒரு சேகரிப்பாளனுக்கு நம்பகத்தன்மை போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

“தாழ்ப்பாளுக்கு வேலை போனா அவருக்கு என்ன இருக்கு?” என்றாள்.

சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

இரண்டாவது அமர்வு மறுநாள் காலை கூடியது. தாழ்ப்பாளை உட்காரச் சொன்னார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையைப் பூட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். யார் பார்த்தது என்று கேட்டதற்கு, பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யார் தன்னைப் பார்த்தார்கள் என்று கவனிக்கவில்லை என்றார். ஸ்டோர் கீப்பருக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“இதே மாதிரி வாட்ச் வேற யார்கிட்டயாவது இருக்கலாம் இல்லியா?” என்று எடுத்துக் கொடுத்தார். “ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விஷயம் முடிஞ்சுது.”

தாழ்ப்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்ல சார். இது ஒண்ணே ஒண்ணுதான். சாரே சொல்லியிருக்காரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். ஒரு தடவை கனைத்துக்கொண்டேன். தலைவர் கருணையோடு தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். மேஜை அகலமானது. கையை எட்டி நீட்ட வேண்டியிருந்தது. முழுக்கைச் சட்டை இரண்டு அங்குலம் பின்வாங்கியது.

பச்சை டயல். சிவப்பு முள், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மெல்லக் கண்ணை உயர்த்தினேன். பொத்தான், காலர், மோவாய் எல்லாம் தாண்டி, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நிர்வாக அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கால நேசன்’ யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு ரசிகர்களின் சந்திப்பு இவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை.

“நிபுணர் சொல்லட்டும்” என்றார் தலைவர், சட்டைக்கையை இழுத்துவிட்டபடி. “உலகத்துலயே ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் சார்” என்றேன்.

டைப்பிஸ்ட் அம்மா அடித்துக் கொடுத்தார். ‘மேற்படி கைக்கடிகாரம் அசலானது, உலகில் இதற்கு இணை இல்லை என்று நிபுணர் சான்றளிக்கிறார்.’ கையெழுத்துப் போட்டேன். தாழ்ப்பாளுக்கு மூன்று மாத சஸ்பென்ஷன். எனக்கு ஒரு நன்றித் தீர்மானம், ஏகமனதாக.

மாலையில் தாழ்ப்பாள் என் மேஜைக்கு வந்தார். ரெக்கார்டு ரூம் சாவியை ஒப்படைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சார், அந்தச் சான்றிதழ்ல ஒரு காப்பி கிடைக்குமா?”

“எதுக்கு?”

“வீட்ல நம்ப மாட்டேங்கிறாங்க சார். ஏமாந்துட்டேன்னு என் சம்சாரம் ஒரு வருஷமா குத்திக் காட்டறா. இப்பக் கமிட்டியே அசல்னு எழுதிட்டுதில்ல? காட்டினா வாயடைச்சுப் போயிடுவா.”

நகல் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும் அவங்ககிட்ட சொல்லல சார். இது வாங்கின ரெண்டாம் மாசமே நின்னுடுச்சு. சாவி கொடுத்தாலும் ஓடல. சும்மாதான் கட்டிக்கிறேன். லிஃப்ட்ல பாத்த வாட்ச் ஓடிச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு ஸ்டோர் கீப்பர் சொன்னாரு. என்னோடது ஓடாதுன்னு சொல்லியிருந்தா என்னை விட்டிருப்பாங்க.”

“அப்புறம் ஏன்யா சொல்லல?”

“நாலு பேர் முன்னாடி உங்க வாட்ச் ஓடாதுன்னு எப்படி சார் சொல்றது? உங்க பேர் என்ன ஆகிறது?”

வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பழம்பொருள் சேகரிப்பின் மேன்மையை இனியும் சந்தேகிப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில், கடை கடையாகத் தேடியதில், ஒட்டுப்போடாத அசல் ஒன்று என் கைக்கு வந்தது அந்த ஒரே ஒரு முறைதான். அதைத்தான் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.